லெக்சரர் முட்டையிடாத நாட்கள்

அக்டோபர் 20

முன் வீட்டு அம்மையாருக்கு,

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். பதினொரு வருஷம் ஆகிறது. சுவர் எழும்பியபோது அது என் பக்கம் முக்கால் அடி சாய்ந்து வந்ததைப் பார்த்தேன், பேசவில்லை. உங்கள் தண்ணீர்த் தொட்டி வழிந்து வழிந்து என் பக்கத்துச் சுவரில் பாசி படர்ந்தது, பேசவில்லை. உங்கள் தையல் மிஷினிலிருந்து பறந்து வரும் நூலும் துணித் துண்டும் என் கொல்லையில் ஒரு சின்ன ஜவுளிக்கடையே வைக்கிற அளவுக்குச் சேர்ந்திருக்கின்றன, அப்போதும் பேசவில்லை. பேசாமல் இருந்ததால் பார்க்காமல் இருந்தேன் என்று எண்ண வேண்டாம்.

இப்போது எழுதுவது உங்கள் கோழியைப் பற்றி.

இரண்டு வருஷமாகத் தினமும் காலை ஆறே முக்காலுக்கு அது கொக்கரிக்கிறது. ஒரே ஒரு முட்டையைப் போட்டுவிட்டு ஊரைக் கூட்டுகிறது. நான் முப்பது வருஷமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒரு வகுப்பு நன்றாக அமைந்தது என்பதற்காக ஒருநாளும் நான் வராந்தாவில் நின்று கூவியதில்லை. தட்டைத் தட்டி விரட்டிப் பார்த்தேன். திட்டியும் பார்த்தேன். ஒரு விரிவுரையாளர் வாயில் வரக்கூடாத சொற்கள் வந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வாரமாகக் காலைச் சத்தம் இல்லை. நிம்மதி என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக இப்போது சுவரின் அடியில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக எட்டு மணிக்கு வருகிறது, பொழுது சாய்ந்தால்தான் போகிறது. கீரைப் பாத்தி நாசம். போகிற இடமெல்லாம் இறகு. என் குழாயடியில் வந்து, வேண்டாத உறவினர் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. நான் முறைத்தால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறது. எங்கள் பிரின்சிபால் அப்படித்தான் பார்ப்பார்.

ஒரு வாரத்துக்குள் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வருகிற கோழி திரும்பி வராது. இது மிரட்டல் அல்ல, தகவல்.

இப்படிக்கு,
பின் வீட்டுக்காரன்


அக்டோபர் 23

தம்பிக்கு,

அம்மையாராம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்ப உங்களுக்குப் பரீட்சைக் காலம், ராத்திரி முழுக்க டீ போட்டுக் கொடுத்தவ நான். அண்ணின்னு எழுதினா பேனா உடைஞ்சிடுமா?

தபால்காரர் கடுதாசியைக் கொடுத்துட்டுப் போகாம நிக்கிறார். "என்னம்மா, பின் வீட்டுல இருந்து முன் வீட்டுக்கு ஸ்டாம்பு ஒட்டி வந்திருக்கு. சுவர் மேல கையை நீட்டினா போதாதா?"ன்னார். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் கை குட்டைன்னு சொல்லி அனுப்பினேன்.

எனக்கு உங்கள மாதிரி எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன். பாகம் பிரிச்ச அன்னிக்கு உங்க அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கினார், உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு. எழுதக்கூடாதுன்னு சொல்லல. அந்தத் தைரியத்துலதான் எழுதறேன்.

கோழி முட்டை போடறத நிறுத்திடுச்சு. அதான் சத்தமில்ல. அதான் வேலையில்லாம உங்க வீட்டுப் பக்கம் சுத்துது. அதை அடிச்சிடாதீங்க, ஏன்னு சொல்றேன்.

மார்ச்ல அவருக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வந்தப்ப உங்க மாடி ஜன்னல் திறந்தது, அப்புறம் மூடினது. நான் கீழ இருந்து பாத்தேன். அதப் பத்தி இப்ப பேசல. வலது கையும் காலும் இப்ப கொஞ்சம் பரவால்ல. ஆனா பேச்சு போயிடுச்சு. ஒரு எழுத்துகூட வரல. மூணு மாசம் மரக்கட்டை மாதிரி படுத்திருந்தார். அவர் கட்டில் கொல்லைப்புற ஜன்னலை ஒட்டித்தான் கிடக்கு. ஜூன்ல ஒருநாள் காலையில கோழி கொக்கரிச்சது, கொஞ்ச நேரத்துல அவர் தொண்டையில இருந்து ஒரு சத்தம். நான் கத்தரிக்கோலைக் கீழ போட்டுட்டேன். மறுநாளும் வந்தது. அதுக்கப்புறம் தினம் அந்த நேரத்துக்கு, அந்த நேரத்துக்கு மட்டும்.

வாரத்துக்கு ரெண்டு நாள் பேச்சுப் பயிற்சி தர்ற அம்மா வர்றாங்க. "அந்தச் சத்தத்தை விட்டுடாதீங்க. கிணத்துல விழுந்தவருக்கு அதுதான் கயிறு, அதைப் பிடிச்சுத்தான் மேல ஏத்தணும்"னு சொன்னாங்க. ஆகஸ்ட்ல சத்தம் ரெண்டு மூணு விதமா வந்தது. இப்ப கோழி நின்னது, அவரும் நின்னுட்டார். டிசம்பர் கடைசி வரைக்கும் வருவாங்களாம். அதுக்குள்ள ஒண்ணும் வரலன்னா, காத்திருக்கிற வேற நோயாளிக்கு நேரத்தைக் கொடுத்துடுவாங்க. ஒரு வருஷம் தாண்டினா பேச்சு திரும்பறது கஷ்டம்னும் சொல்றாங்க.

நீங்க நாலு எழுத்துப் படிச்சவர். கோழி ஏன் நிறுத்திச்சுன்னு தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா சும்மா விட்டுடுங்க. ஓட்டையை அடைக்க மாட்டேன். அடைச்சா அது திரும்பி வர வழி இருக்காது.

அண்ணி


அக்டோபர் 26

அண்ணிக்கு,

பேச்சு போன விஷயம் எனக்குத் தெரியாது. விழுந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்று பால்காரர் சொன்னார். வந்துவிட்டார் என்றால் நன்றாகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஜன்னல் திறந்தது உண்மை. மூடியதும் உண்மை. நடுவில் எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அண்ணனைப் பற்றி நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? பாகம் பிரித்த அன்று சர்வேயர், இரண்டு வக்கீல்கள், டீ கொண்டுவந்த ஆள், இத்தனை பேர் நடுவில் அவர் சொன்னார்: "அவனுக்குப் படிப்பு இருக்கு, இடம் எதுக்கு?" ரோட்டுப் பக்கத்து வீடு அவருக்கு, சந்துப் பக்கத்து வீடு எனக்கு. இடத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த டீக்காரர் சிரித்தார். பதினொரு வருஷமாக அந்தச் சிரிப்பு காதிலிருந்து போகவில்லை. கல்லூரியில் என்னைவிட ஆறு வருஷம் இளையவனைத் துறைத்தலைவர் ஆக்கினார்கள். அன்றைக்கும் எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்புதான்.

கோழி என் துறை அல்ல. விலங்கியல் துறையில் ஒருவரைக் கேட்டேன். வயது, இறகு உதிர்க்கும் பருவம், அடைக்கு உட்காரும் ஆசை, தீனிக் குறைவு, பேன், பயம் என்று அடுக்கிவிட்டு, "சார், நீங்க கோழி வளர்க்கிறீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். நாளைக்குள் கல்லூரி முழுக்கப் பரவியிருக்கும்.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். கோழிக்கு என்ன வயது, என்ன தீனி, கூடு எங்கே இருக்கிறது. எந்தெந்தத் தேதியில் முட்டை போட்டது என்று கணக்கு ஏதாவது இருந்தால் நல்லது, இருக்காது என்று நினைக்கிறேன். கூப்பிடுகிற பெயர் உண்டா? விரட்டும்போது உதவும்.

அதை நான் ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கும் வந்தது. தீனி எதுவும் போடவில்லை. கொஞ்சம் சோறு கை தவறிச் சிந்தியது.

பின் வீட்டுக்காரன்


அக்டோபர் 30

தம்பிக்கு,

கணக்கு இருக்காதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? துணியில அளவு போடற சாக்பீஸால ஒவ்வொரு முட்டை மேலயும் தேதி எழுதுவேன். பழசு புதுசு கலந்துடக் கூடாதுல்ல. காலண்டர்லயும் புள்ளி வைப்பேன். ஆகஸ்ட்ல ரெண்டு நாள்தான் விட்டிருக்கு. செப்டம்பர் பன்னெண்டு வரைக்கும் தினம். அப்புறம் பதினாலு, பதினாறு, பத்தொம்பது, இருபத்தி மூணு, இருபத்தி ஒம்பது. அதோட சரி. அந்த வாரத்துல இருந்துதான் இறகு கொட்ட ஆரம்பிச்சது.

தீனி மாறல. கூடு சுவரை ஒட்டி, சந்துப் பக்கத்து மூலையில. பேன் இல்ல, நானே வெயில்ல வெச்சுப் பாத்தேன். ரெண்டரை வயசு. மாட்டு டாக்டர்கிட்ட கூடையில எடுத்துட்டுப் போனேன். "வயசாச்சும்மா, இனி குழம்புதான்"னார். உங்களுக்கு என்ன வயசு டாக்டர்னு கேட்டேன். அப்புறம் ஒழுங்கா ஒரு சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

பேர் கேட்டிருந்தீங்க. கோவப்படக் கூடாது. "லெக்சரர்". நான் வெச்சதில்ல. "யார் கேட்டாலும் கேக்காட்டியும் காலையில எழுந்து ஒரு மணி நேரம் பேசுதே, இதுக்கு வேற என்ன பேர் வைக்கிறது?"ன்னு உங்க அண்ணன் வெச்சது. பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி தினம் காலையில தீனி போடறது அவர்தான். "லெக்சரர் சாப்பிட்டாச்சா? லெக்சரருக்குத் தண்ணி வெச்சியா?"ன்னு கேப்பார். நான் சிரிப்பேன். ஒருநாள் சிரிப்பு நின்னுடுச்சு. அவர் கோழியை மட்டும் கேக்கலன்னு தோணிச்சு.

அவர் "இடம் எதுக்கு"ன்னு கேட்டது தப்பு. அன்னிக்கே அடுப்படியில வெச்சு அவர்கிட்ட சொன்னேன். சாப்பிடாம படுத்தார்.

அண்ணி


நவம்பர் 4

அண்ணிக்கு,

கோழியின் பெயரைப் பற்றி நான் கருத்துச் சொல்லப்போவதில்லை.

உங்கள் தேதிகளை மூன்று முறை படித்தேன். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைக்கத் தெரியாது. பிறகு என் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நகலை எடுத்து உங்கள் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அது நான் மின்சார அலுவலகத்துக்கு எழுதிய மனு. ஆகஸ்ட் இருபத்தெட்டு. இரண்டு வீட்டுக்கும் பக்கவாட்டில் போகிற சந்தில், நம் சுவர் முடிகிற இடத்தில் இருக்கிற விளக்குக் கம்பம் உங்களுக்குத் தெரியும். அதில் புதிதாகப் போட்ட வெள்ளை விளக்கு என் படுக்கையறைக்குள் அடித்தது. தூக்கம் கெடுகிறது என்று நான்கு பக்கம் எழுதினேன். செப்டம்பர் பத்தாம் தேதி ஆள் ஏறி, வீட்டுப் பக்கம் ஒளி விழாதபடி தகரம் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் போட்ட மனுக்களில் பலித்தது அது ஒன்றுதான். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

உங்கள் கூடு அந்தக் கம்பத்துக்கு நேர் கீழே.

கோழிக்கு நாள் எவ்வளவு நீளம் என்பதைக் கண் சொல்கிறது. ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரமாவது வெளிச்சம் இருந்தால்தான் அது ஒழுங்காக முட்டை போடும். பொழுது குறைகிற மாதங்களில் அது தானாகவே நிறுத்தி, இறகை உதிர்த்து ஓய்வெடுக்கும். போன வருஷம் நிறுத்தாததற்குக் காரணம் அந்தக் கம்பத்தில் இருந்த பழைய மஞ்சள் விளக்கு. இந்த வருஷம் வெளிச்சம் ஒரே நாளில் நின்றது. கோழி இரண்டு நாள் தாக்குப்பிடித்தது, பிறகு தடுமாறியது, பிறகு நின்றது. வயது காரணம் இல்லை. தீனியும் இல்லை. காரணம் நான்.

இதை எழுதாமலும் இருந்திருக்கலாம். டாக்டரே வயது என்று சொல்லிவிட்டார், நீங்களும் நம்பியிருப்பீர்கள். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன்.

நேற்று மின்சார அலுவலகத்துக்குப் போனேன். "மறைக்கச் சொன்னதும் நீங்க, தொறக்கச் சொல்றதும் நீங்க. நாங்க என்ன சார், உங்க வீட்டு ஜன்னல் திரையா?" என்றார் குமாஸ்தா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வருஷம் பிறந்த பிறகு பார்க்கலாம் என்கிறார்.

அதுவரை பொறுக்க முடியாது. என் பக்கத்திலிருந்து ஒரு கம்பி நீட்டி, சுவருக்கு மேலாக உங்கள் கூட்டின் மீது ஒரு பல்பைத் தொங்கவிட அனுமதி வேண்டும்.

பின் வீட்டுக்காரன்


நவம்பர் 8

தம்பிக்கு,

படிச்சேன்.

விளக்கு கண்ணைக் கூசுதுன்னு நாலு பக்கம் எழுதத் தெரிஞ்ச கைக்கு, அண்ணன் எப்படி இருக்கார்னு கேக்க ஒரு வரி வரல. எட்டு மாசம். நானா கோழிக்காகப் பதில் எழுதினதாலதான் உங்களுக்கு இதுவும் தெரிஞ்சது.

பல்பைத் தொங்க விடுங்க.


நவம்பர் 11

அண்ணிக்கு,

பல்பு இன்று மாலை ஆறு மணிக்கு எரியத் தொடங்கியது. ஒன்பதரைக்குத் தானாக அணையும், அதற்கு ஒரு கடிகாரச் சுவிட்சு பொருத்தியிருக்கிறேன். மழை படாமல் இருக்க மேலே ஒரு பழைய டிபன் பாக்ஸ் மூடி. மூன்று வாரம் ஆகலாம், பொறுக்க வேண்டும். இறகு முளைக்கிற சமயம், பருப்பு வகை கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் மற்றதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்ததில் மூன்று தாள் போயிற்று.

பின் வீட்டுக்காரன்


டிசம்பர் 3

தம்பிக்கு,

நவம்பர் முப்பதாம் தேதி காலையில லெக்சரர் முட்டை போட்டுடுச்சு. சின்னதுதான், ஆனா முட்டை. கொக்கரிச்ச சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். நான் மிஷினை விட்டுட்டு ஓடினேன், கூட்டுக்கு இல்ல, கட்டிலுக்கு.

அவர் கண்ணைத் திறந்துட்டு இருந்தார். தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். காத்துட்டு இருந்த மாதிரி இருந்தது. நானும் காத்திருந்தேன். கோழி ஓய்ஞ்சது. அவர் கொஞ்ச நேரம் சுவரையே பாத்தார், அப்புறம் கண்ணை மூடிட்டார். சத்தம் வரல.

மறுநாளும் அப்படியே. நேத்து பயிற்சி தர்ற அம்மாவை விடிகாலையிலயே வரச் சொன்னேன். பாவம், பஸ் மாறி வந்தாங்க. கோழி மட்டும் பேசிச்சு. அவங்க நோட்டுல ஏதோ எழுதி மூடினாங்க. "இந்த மாசம் முழுக்க வர்றேன்மா, அதுல மாத்தமில்ல"ன்னு சொன்னாங்க. சொன்ன விதத்துலயே தெரிஞ்சது.

உங்க மேல கோவமில்ல. பல்பு அது வேலையச் செஞ்சது. நீங்களும் இப்பல்லாம் காலையில சத்தம் போடறதில்ல, கோழி எவ்வளவு கத்தினாலும் அமைதியா இருக்கீங்க. அதுக்கும் சேத்து நன்றி. இன்னிக்குப் போட்ட முட்டையைச் சுவர் மேல ஒரு கிண்ணத்துல வெச்சிருக்கேன். எடுத்துக்குங்க. எங்களால சாப்பிட முடியல.

அண்ணி


டிசம்பர் 4

தம்பிக்கு,

நேத்து கடுதாசி இன்னும் உங்க கைக்கு வந்திருக்காது. அதுக்குள்ள இது. அவசரமா எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க.

இன்னிக்குக் காலையில கோழி கத்தி முடிச்சது. அவர் சுவரைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார். இடது கையைத் தூக்கி, விரலை மடக்கி, கட்டில் கம்பியில டொக் டொக்குன்னு தட்டினார். தட்டிட்டு சுவரைக் காட்டினார். எனக்குப் புரியல. தண்ணியா, தலகாணியான்னு ஏதேதோ கேட்டேன். கோவத்துல முகம் சிவந்துடுச்சு. திரும்பத் தட்டறார், திரும்பச் சுவரைக் காட்டறார்.

நீங்க தட்டு தட்டறத காட்டினார் தம்பி.

நான் எவ்வளவு மக்கு. தினம் கோழி கத்தும், உடனே நீங்க தட்டைத் தட்டிட்டு வந்து, "சனியனே, ஒரு முட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, உன்னை வளக்கறவங்களைச் சொல்லணும்"னு ஆரம்பிப்பீங்க. அதுக்கப்புறம்தான் அவர் சத்தம் வரும். நடுவுல இருந்த உங்க சத்தத்தை நான் கணக்குலயே எடுத்துக்கல. கோழி நின்னப்ப நீங்களும் நிறுத்திட்டீங்க. கோழி ஆரம்பிச்சப்ப நீங்க ஆரம்பிக்கல, நல்லவராயிட்டீங்க.

அவர் கோழிக்குப் பதில் சொல்லல. உங்களுக்குத்தான் பதில் சொல்லிட்டு இருந்தார்.

கெஞ்சிக் கேக்கறேன், காலையில திட்டுங்க. பழையபடி திட்டுங்க. மரியாதை எல்லாம் வேணாம்.

அண்ணி


டிசம்பர் 8

அண்ணிக்கு,

பத்தடி தூரத்துக்கு உங்கள் கடிதம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. தபால் துறைமேல் ஒரு மனு எழுதலாமா என்று முதலில் தோன்றியது.

ஏழாம் தேதி காலை தட்டோடு போய் நின்றேன். கோழி கொக்கரித்தது. "சனியனே" என்று தொடங்கினேன். வரவில்லை. பாடப் புத்தகத்தை வாசிக்கிற குரல்தான் வந்தது. மாதக்கணக்காக என் குழாயடியில் உட்கார்ந்திருக்கிற ஜீவனை எப்படித் திட்டுவது? அது வேறு ஒரு கண்ணால் பார்க்கிறது. இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். உங்கள் பக்கம் எதுவும் கேட்கவில்லை.

இன்று கோழியை விட்டுவிட்டேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, படிப்பு இருக்கு இடம் எதுக்கு என்றதை நினைத்துப் பார்த்தேன். வந்துவிட்டது. என்ன பேசினேன் என்பது உங்களுக்கே கேட்டிருக்கும். "ரோட்டுப் பக்கம் வேணும்னு வாங்கினியே, அந்த ரோட்டுல இன்னிக்கு நாலு அடி நட பாக்கலாம்" என்று ஒரு நோயாளியைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தட்டு கையிலிருந்து விழுந்தது.

அப்போது உங்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. கனமாக, கட்டைக்குரலில், நடுவில் உடைந்து. முன்பெல்லாம் திட்டி முடித்ததும் உள்ளே போய்விடுவேன், நின்று கேட்டதில்லை. இன்று சுவரில் காதை வைத்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முதல் பீரியடுக்குப் போகவில்லை.

அது அவர்தானா? அல்லது நான் கேட்க விரும்பியதைக் கேட்டேனா? ஒரு வரி எழுதுங்கள். இதைச் சுவர் மேல் வைக்கிறேன், பதிலையும் அங்கேயே வையுங்கள், தபால் வேண்டாம்.

கொழுந்தன்


டிசம்பர் 9

தம்பிக்கு,

அவர்தான்.

ஒரு தடவை இல்ல, அஞ்சு தடவை. வேர்த்துக் கொட்டிடுச்சு. கோவமா சிரிப்பான்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. கண்ணுல தண்ணி வந்தது, வாய் ஒரு பக்கம் சிரிச்சது. சாயங்காலம் கஞ்சியை நான் ஊட்டாம தானே குடிச்சார்.

இன்னிக்குப் பயிற்சி அம்மா வந்திருந்தாங்க. நடந்ததச் சொன்னேன். நோட்டைத் திரும்பத் திறந்தாங்க. சில பேருக்கு அப்படித்தானாம். பிரியமானவங்க கூப்பிட்டா வராத வார்த்தை, சண்டைக்காரங்க கூப்பிட்டா வருமாம். இனி வெறும் சத்தம் போதாது, ஒரு பேர் சொல்ல வைக்கணும்னு சொல்றாங்க. ஆறு மாசமா என் பேரைச் சொல்லிக் கொடுத்துப் பாத்தாச்சு. முப்பத்தி ரெண்டு வருஷம் கூட இருந்தவ பேர், உதடுகூட அசையல. பதினொரு வருஷம் முகம் பாக்காத தம்பிக்கு வாய் திறக்குது. எனக்கு வயிறு எரியுது. பொய் சொல்ல மாட்டேன். எரிஞ்சுட்டுப் போகட்டும், பேச்சு வந்தா சரி.

அவங்க ஒரு யோசனை சொல்றாங்க. நீங்க அவருக்கு நேரா ஒரு கடுதாசி எழுதணும். அண்ணனுக்கு, எனக்கில்ல. இருக்கிற கோவத்தை எல்லாம் கொட்டி எழுதுங்க. அவங்க வர்ற அன்னிக்கு நான் சத்தமா படிச்சுக் காட்டறேன். நாக்கைப் பிடுங்கிக்க வேணாம், அது இப்ப எங்களுக்கு வேணும்.

அண்ணி


டிசம்பர் 12

அண்ணனுக்கு,

இதை அண்ணி உனக்கு வாசித்துக் காட்டுகிறார். நடுவில் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லாதே. எதிர்த்துப் பேச வேண்டுமென்றால் பேசு.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை வரிசைப்படுத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சுவரில் தொடங்கினேன். முக்கால் அடி. பிறகு நேற்று அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தேன். சுவர் நேராகத்தான் இருக்கிறது. பதினொரு வருஷமாக நான் அதை அளக்கவே இல்லை. கண்ணால் பார்த்தே முடிவு செய்திருந்தேன். இயற்பியல் நடத்துகிறவன். நீ சிரிக்கலாம்.

ஆனால் இடம் எதுக்கு என்று நீ கேட்டது உண்மை. அதை அளந்து குறைக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குப் பீஸ் கட்ட நீ படிப்பை விட்டு லாரி ஷெட்டுக்குப் போனாய். அதை ஒருநாளும் நீ சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தீர்த்திருப்பேன். மொத்தமாகச் சேர்த்துவைத்து, ஊரார் நடுவில், டீக்காரர் முன்னால் ஒரே வரியில் கேட்டாய். படிப்பு எனக்கு யாரால் வந்தது என்று அங்கே இருந்தவர்களில் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. உனக்கும் வலித்துத்தான் கேட்டிருப்பாய் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. எழுதாமல் இருந்திருந்தால் தோன்றியிருக்காது.

எனக்குத் துறைத்தலைவர் பதவி கிடைக்கவில்லை. தெரியுமா உனக்கு? தெரிந்திருந்தால் நீ கல்லூரி வாசலில் போய்ச் சண்டை போட்டிருப்பாய். பத்தாம் வகுப்பில் மார்க் குறைத்த கணக்கு வாத்தியாரிடம் போட்டாயே, அந்த மாதிரி. அன்றைக்கு எனக்கு மானம் போயிற்று. இப்போது அப்படிச் சண்டை போட ஆளில்லை. அதுவும் உன்மேல் ஒரு கோபம்தான், எழுதிக்கொள்.

ஆம்புலன்ஸ் வந்த அன்று ஜன்னலைத் திறந்தேன். உன்னைப் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள். ஒரு கால் செருப்பு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. நான் இறங்கி வந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். படிக்கட்டில் பாதி வரைக்கும் வந்தேன். திரும்பி ஏறிப்போய் ஜன்னலை மூடினேன். உன்மேல் இருக்கிற கோபத்தைவிட இது பெரிது. இதற்கு நீ என்னைத் திட்ட வேண்டும். திட்டியே ஆக வேண்டும். எழுந்து உட்கார்ந்து, சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

கோழிக்கு என் உத்தியோகத்தைப் பெயராக வைத்திருக்கிறாய். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது யாருமில்லை. கல்லூரியில் சார். பால்காரருக்கும் தபால்காரருக்கும் பின் வீட்டுக்காரர். அண்ணிக்குத் தம்பி. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் மிச்சம் இருப்பவன் நீ ஒருவன்தான். நீ நிறுத்தியதோடு அந்தப் பெயரை நான் ரேஷன் கார்டில்தான் பார்க்கிறேன்.

அண்ணி, இங்கே நிறுத்துங்கள். இதற்குமேல் அவருக்கு வாசிக்க ஒன்றுமில்லை, மிச்சம் உங்களுக்கு மட்டும். இது யார் எழுதியது என்று அவரிடம் கேளுங்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள். முதல் எழுத்தைக்கூட எடுத்துக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் சரி. பயிற்சி அம்மா வருகிற அன்றைக்குக் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். கூப்பிட்டால் ஓட்டை வழியாகவாவது வந்துவிடுவேன்.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை நான் மனுஷனாகவே மதித்ததில்லை. ஆனாலும் உறையின் பின்னால் விலாசம் எழுதவில்லை. தாளின் அடியில் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். அந்த இடம் அவர் வாயால் நிரம்பட்டும். அவர் பெயருக்கு வரும் கடிதம் சுவர் மேல் வர வேண்டாம், கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.